நாலு மணி இனிப்பு ஆசை: எடை குறைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடை குறைக்க ஆரம்பித்தவர்களில் நிறைய பேர் சோற்றைக் குறைத்துவிடுகிறார்கள், எண்ணெயையும் குறைத்துவிடுகிறார்கள். இனிப்பிடம்தான் தோற்றுப்போகிறார்கள். காலையில் எல்லாம் ஒழுங்காகப் போகும், மதியமும் பரவாயில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு வாய் நமநமவென்று எதையோ கேட்க ஆரம்பிக்கும். வீட்டில் இருந்தால் டப்பாவில் மிச்சமிருக்கும் அதிரசம், அலுவலகத்தில் இருந்தால் யாரோ பிறந்தநாளுக்கு வெட்டிய கேக். ஒன்று என்று எடுத்தது மூன்றாகிவிடும். ராத்திரி படுக்கும்போது "எனக்கெல்லாம் மனக்கட்டுப்பாடே கிடையாது" என்று தங்களையே நொந்துகொள்வார்கள்.

இப்படி மனசைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நாலு மணிக்குத் தலைகாட்டும் ஆசையின் வேர் பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. முந்தின ராத்திரி எவ்வளவு தூங்கினோம், காலையில் என்ன சாப்பிட்டோம், மதியம் தட்டில் என்ன இருந்தது, வீட்டில் எந்த டப்பா கண்ணில் படுகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. அங்கே கோட்டைவிட்டுவிட்டு, லட்டுவை எதிரில் வைத்துக்கொண்டு போராடினால் யாரும் தோற்கத்தான் செய்வார்கள்.

பட்டினி கிடப்பது

முதல் தவறு இதுதான், மற்ற பல தவறுகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. எடை குறைய வேண்டும் என்று காலைச் சாப்பாட்டை விடுவார்கள், அல்லது இரண்டு இட்லியோடும் ஒரு காபியோடும் முடித்துக்கொள்வார்கள். மதியம் வெள்ளரிக்காய், கேரட் துண்டுகள். வயிறு அப்போதைக்கு அடங்கினாலும் உடம்பு கணக்கு வைத்திருக்கும். சாயங்காலம் அது கேட்பது உடனே சக்தி தரும் பொருளை, அதாவது சர்க்கரையை.

இரண்டு இட்லியில் புரதம் நாலு கிராம் அளவுக்குத்தான் இருக்கும். கூடவே இரண்டு முட்டை வைத்துக்கொண்டால் இன்னொரு 12 கிராம் சேரும். முட்டை சாப்பிடாதவர்கள் சாம்பாரைத் தெளிவாக ஊற்றிக்கொள்ளாமல் பருப்போடு கெட்டியாக ஊற்றிக்கொள்ளலாம், பச்சைப்பயறு தோசைக்கு மாறலாம், மதியம் தயிரும் கூட்டும் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். புரதமும் நார்ச்சத்தும் உள்ள சாப்பாடு வயிற்றில் நெடுநேரம் நிற்கும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நன்றாக வேலை செய்யக்கூடியது. நாலு மணிக்கு ஆசை வரும் என்று தெரிந்தால், மூன்றரைக்கே ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோ சாப்பிட்டுவிட வேண்டும். ஆசை வந்த பிறகு சுண்டலை எடுத்தால் அது லட்டுவுக்கு ஈடாகாது. முன்னாலேயே சாப்பிட்டுவிட்டால் அந்த ஆசைக்கு வேகம் குறைந்துவிடும்.

லட்டுவை எண்ணுவது, டீயை எண்ணாமல் விடுவது

"நான் இனிப்பே தொடுவதில்லை, ஆனாலும் எடை இறங்கவில்லை" என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, ஒரு நாளைக்கு எத்தனை டீ என்பதைத்தான். டீக்கடையில் மாஸ்டர் செய்வதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வரிசையாக கிளாஸை வைத்து, முதலில் சர்க்கரையைப் போட்டுவிடுவார். அதன் மேல் பால், அதன் மேல் டிகாக்ஷன். கிளாஸுக்கு இரண்டு டீஸ்பூன் என்று வைத்தாலும் 8 முதல் 10 கிராம் சர்க்கரை. நாலு டீ என்றால் 32 முதல் 40 கிராம். மாதம் முடியும்போது ஒரு கிலோ சர்க்கரை டீயிலேயே உள்ளே போயிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குக் கீழே, அதாவது சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு இனிப்புத் துண்டு கூடத் தொடாமலேயே டீயில் மட்டும் இந்த அளவைத் தாண்டிவிடுகிறோம். தீபாவளிக்குச் சாப்பிட்ட ஜாங்கிரிக்கு மூன்று நாள் வருத்தப்படுகிறவர்கள், வருஷம் முழுக்கக் குடிக்கும் டீயைப் பற்றி யோசிப்பதே இல்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

ஒரே நாளில் சர்க்கரையை நிறுத்தினால் டீ கஷாயம் மாதிரிதான் இருக்கும், இரண்டு நாளில் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். வாரத்துக்கு அரைக்கால் ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். நாக்கு பழகிக்கொள்ளும். கடையில் "சக்கரை கம்மி" என்று சொன்னால் அந்தக் 'கம்மி' மாஸ்டருக்கு மாஸ்டர் மாறும். "சக்கரை இல்லாம குடுங்க, தனியா கொஞ்சம் குடுங்க" என்று கேட்டு, நீங்களே போட்டுக்கொள்வதுதான் நிச்சயமான வழி. நாலு டீயை இரண்டாக்கினால் அதுவே பாதி வேலை.

டீயோடு பிஸ்கட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'டைஜஸ்டிவ்', 'ஓட்ஸ்', 'மல்டிகிரெய்ன்' என்ற பெயர்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். பாக்கெட்டைத் திருப்பி, 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஊட்டச்சத்து பானம் என்ற பெயரில் பாலில் கலக்கும் மாவுகளுக்கும் இதே சோதனைதான்.

கருப்பட்டியையும் தேனையும் கணக்கில் சேர்க்காதது

இதைச் சொன்னால் சிலருக்கு மனசு கஷ்டப்படும். வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டு நாட்டுச் சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் மாறியவர்கள், பெரிய மாற்றம் செய்துவிட்டதாக நம்புகிறார்கள். சுவையில் கருப்பட்டிக்கு இணை கிடையாது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எடைக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் 400 கலோரிக்குப் பக்கம், வெல்லத்தில் 380க்குப் பக்கம். வெல்லத்தில் இரும்பும் மற்ற தாதுக்களும் கொஞ்சம் உண்டு. அவற்றால் பலன் கிடைக்க வேண்டும் என்றால் சாப்பிட வேண்டிய வெல்லத்தின் அளவு நம் எடையைக் கூட்டிவிடும். முருங்கைக்கீரை அந்த வேலையைச் சுலபமாகச் செய்துவிடும்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், "நல்லதுதானே" என்ற நினைப்பில் கை தாராளமாகிவிடுகிறது. ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்ட இடத்தில் இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை விழும். காலையில் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி தேன் கலந்து குடிப்பவர்கள், எடை குறைக்கும் மருந்தாக நினைத்து 60 கலோரி குடிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அந்த 25 கிராம் கணக்கில் தேனும் பழச்சாறும் அடக்கம்.

பழச்சாறு என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு சாத்துக்குடியை உரித்துச் சாப்பிட்டால் சக்கையோடு போகும், நேரமும் எடுக்கும், ஒன்றிலேயே திருப்தியாகும். ஜூஸ் என்றால் மூன்று நாலு பழம் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும், கடையில் சர்க்கரை வேறு போடுவார்கள். இனிப்பு ஆசைக்குப் பழம் நல்ல மாற்று: கொய்யா, பப்பாளி, ஒரு சின்ன வாழைப்பழம். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்.

'சுகர் ஃப்ரீ' என்ற சீட்டை நம்புவது

சர்க்கரை சேர்க்காத மைசூர்பாகிலும் நெய் அதே நெய்தான், கடலை மாவும் அதேதான். இனிப்பூட்டி மாத்திரைகளைப் பற்றி 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொன்னது: எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக அவற்றைப் பரிந்துரைக்கவில்லை, நீண்டகாலத்தில் கொழுப்பு குறைய அவை உதவுவதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொல்படி நடக்க வேண்டும்.

"இனிமேல் இனிப்பே கிடையாது" என்று சபதம் போடுவது

இரண்டு வாரம் சபதம் நிற்கும். அப்புறம் ஒரு கல்யாணம் வரும். இலை போட்டதும் ஓரத்தில் முதலில் வந்து விழுவதே இனிப்புதான். பசியோடு உட்கார்ந்திருப்பவர் அதைத்தான் முதலில் எடுப்பார். எடுத்த மறுநொடி, "போச்சு, இன்னைக்குக் கெட்டுப்போச்சு, நாளையிலிருந்து பார்த்துக்கலாம்" என்ற நினைப்பு வந்துவிடும். இந்த நினைப்புதான் உண்மையான கெடுதல். ஒரு ஜாங்கிரியால் ஏறும் கலோரி சில நூறுதான். அதற்குப் பிறகு வரும் இரண்டாவது பாயசம், ஐஸ்கிரீம், வீட்டுக்கு வந்து தாம்பூலப் பையைப் பிரித்துத் தின்ற லட்டு, ராத்திரி "எப்படியும் கெட்டுப்போச்சே" என்று வாங்கிய பரோட்டா, எல்லாம் அந்த ஒரு நினைப்பால் வந்தவை.

இனிப்புக்கு ஒரு இடம் கொடுத்துவிடுவது நல்லது. வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ, உங்களுக்கு ரொம்பப் பிடித்ததாக ஒன்று. விசேஷ வீட்டில் இலையில் விழுந்ததைக் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள். சோறும் கூட்டும் பொரியலும் உள்ளே போன பிறகு பாதி ஜாங்கிரியே போதும் என்று தோன்றும். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் இரண்டு கூடப் போதாது. தெரிந்தே சாப்பிட்ட அன்றைக்கு அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு, அவ்வளவுதான். அதற்குத் தண்டனையாகப் பட்டினி கிடந்தால், முதல் தவறுக்கே திரும்பிப் போகிறோம்.

வீட்டில் டப்பா விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். பண்டிகைக்கு வந்த இனிப்பை அன்றைக்கே பகிர்ந்துகொடுத்துவிடுங்கள். "குழந்தைகளுக்காக" என்று வாங்கி வைப்பதில் பெரும்பகுதி பெரியவர்கள் வாய்க்குத்தான் போகிறது. கண்ணாடி ஜாடியில் சாப்பாட்டு மேசையில் இருக்கும் கடலை மிட்டாயை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி மேல் அலமாரியில் வைத்தாலே பாதி நாள் அது நினைவுக்கு வராது.

தூக்கத்தைக் கணக்கில் எடுக்காதது

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். 12 இளைஞர்கள், இரண்டு ராத்திரி, நாலு மணி நேரப் படுக்கை மட்டும். நிறைவைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. ஆசை கூடியதும் குறிப்பாக இனிப்பு, உப்புப் பண்டங்கள், மாவுப் பொருள்கள் மேல்தான். ராத்திரி ஒரு மணி வரை போனைப் பார்த்துவிட்டு மறுநாள் கேக்கை எதிர்த்து நிற்பது கஷ்டம்.

ஆசையோடு உட்கார்ந்து மல்லுக்கட்டுவது

"வேண்டாம், வேண்டாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதும் அந்த லட்டுவையே நினைத்துக்கொண்டிருப்பதுதான். ஆசை பெரும்பாலும் மனக்கண்ணில் படமாக ஓடுகிறது. அந்தப் படத்தைக் கலைத்துவிட வேண்டும். மூன்று நிமிடம் டெட்ரிஸ் என்ற, கட்டங்களை அடுக்கும் வீடியோ கேம் விளையாடியதே ஆசையின் வேகத்தைக் குறைத்ததாக இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் கண்டிருக்கிறார்கள். 15 நிமிட வேக நடை சாக்லேட் ஆசையைக் குறைத்ததாக எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது. மொட்டை மாடியில் காயும் துணியை எடுத்து மடிப்பது, தெருமுனை வரை நடந்துவிட்டு வருவது, எதுவானாலும் சரி. எழுந்துவிட வேண்டும்.

சிறுகுறிஞ்சான் இலை தெரிந்தவர்கள் அதையும் பயன்படுத்துகிறார்கள். ஓர் இலையை நன்றாக மென்று நாக்கில் படவிட்டு, அப்புறம் சர்க்கரையை வாயில் போட்டால் மணலை மெல்வதுபோல இருக்கும். இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலம் இனிப்பை உணரும் இடத்தை அடைத்துக்கொள்வதுதான் காரணம். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சுவை திரும்பிவிடும். இதை மாத்திரையாக விழுங்கினால் நாக்கில் இந்த வேலை நடக்காது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது, இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம்.

அவர்கள் இன்னொன்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு வியர்த்துக்கொட்டி, கை நடுங்கி, படபடப்போடு பசி வந்தால் அது வெறும் ஆசையாக இருக்காது, சர்க்கரை இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது டயட்டையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து அளவைப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். இது அடிக்கடி வந்தால், சாப்பாட்டைக் குறைத்திருப்பதை மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.