பூனைக்கு வீட்டுக்குள் கூண்டு: முதலில் வாங்கிவிட்டு அப்புறம் யோசிக்காதீர்கள்

என் பூனை செம்பாவுக்கு நான் வாங்கிய முதல் கூண்டில் அவள் மூன்று நாள், கழிவுக்கு வைத்த மண் தட்டுக்குள்ளேயே படுத்திருந்தாள். மெத்தை போட்டிருந்தேன், தண்ணீர் வைத்திருந்தேன், வேகவைத்த மத்தி மீன்கூட வைத்தேன். எதையும் சட்டை செய்யவில்லை. தட்டின் ஓரத்தில் முதுகை ஒட்டி, காதை மடக்கிக்கொண்டு கிடந்தாள். நாலாவது நாள்தான் எனக்கு உறைத்தது. நாலு பக்கமும் வெறும் கம்பியாக இருந்த அந்தக் கூண்டில், முதுகு கொடுத்துப் பதுங்க ஒரு சுவர் என்றால் அது அந்த பிளாஸ்டிக் தட்டின் விளிம்பு மட்டும்தான். பழைய வேட்டி ஒன்றை எடுத்து மூன்று பக்கமும் மூடினாற்போலப் போட்டேன். அரை மணி நேரத்தில் எழுந்து மெத்தைக்கு வந்துவிட்டாள்.

கும்பகோணம் பக்கம் பூனை வளர்ப்பவர்கள் கூண்டு விஷயமாக என்னிடம் கேட்கும்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். அடைக்கச் சுலபமா, கழுவச் சுலபமா என்று நாம் வெளியே நின்று பார்த்து வாங்குகிறோம். பூனை உட்காரும் இடத்திலிருந்து, அதன் கண் மட்டத்திலிருந்து ஒருமுறை பார்த்திருந்தால் பாதித் தவறு நடந்திருக்காது.

“நம்ம வீட்டுல எந்தக் காலத்துலடி பூனைக்குக் கூண்டு வச்சோம்?” என்று பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அப்போது பூனை கொல்லையிலும் வைக்கோல்போரிலும் திரிந்தது. இப்போது சம்பா நடவுக்கும் அறுப்புக்கும் நடுவே வயல் வரப்பெல்லாம் எலிமருந்து. மூங்கில் கிட்டி வைத்து எலி பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் மருந்து வைப்பவர்களும் நிறையப் பேர். மருந்து தின்று தள்ளாடி வரும் எலியைப் பிடிப்பது பூனைக்கு ரொம்பச் சுலபம். அந்த எலி மூலமாக விஷம் பூனைக்குள் போகிறது. வயல் ஓரம் வீடு இருந்தால், பூனையை வீட்டோடு வைத்துக்கொள்ள இந்த ஒரு காரணமே போதும்.

சரி, கூண்டு எதற்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்த பூனை பத்திலிருந்து பதினான்கு நாள் குதிக்காமல் இருக்க வேண்டும். அதற்கு உயரம் வேண்டாம், தாழ்வான ஒற்றைத் தட்டுக் கூண்டு போதும். புதிதாக வந்த பூனையை மற்ற பூனைகளிடமிருந்து இரண்டு வாரம் பிரித்து வைக்க, தனி அறையில் ஒரு கூண்டு வேண்டும். இரவில் மட்டும் அடைக்க ஒன்று, நாம் வேலைக்குப் போகும் நேரம் முழுக்க இருக்க ஒன்று என்றால் இரண்டும் வேறு வேறு அளவு. சிகிச்சைக்கென்று வாங்கிய சின்னக் கூண்டையே அப்புறம் நிரந்தர வீடாக்கிவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். அது பெரிய தவறு.

அளவு விஷயத்தில் கடைக்காரர் காட்டும் மூன்றடிக்கு இரண்டடிக் கூண்டு பார்க்கப் பெரிதாகத்தான் தெரியும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மண் தட்டின் நீளம், பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை உள்ள நீளத்தைப்போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். ஒன்றரை அடிப் பூனைக்கு இரண்டேகால் அடித் தட்டு. அகலம் ஒன்றரை அடி என்று வைத்தால், ஆறு சதுர அடித் தரையில் கிட்டத்தட்ட மூன்றரை போய்விட்டது. மிச்சத்தில் படுக்கை, சாப்பாடு, தண்ணீர். சாப்பாட்டுக்கும் மண் தட்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டடி இடைவெளி வேண்டும். எங்கே விடுவது? இடம் இல்லாததால் தட்டைச் சின்னதாக்குகிறார்கள். பூனை தட்டுக்கு வெளியே போகிறது. அப்புறம் “இந்தப் பூனைக்குப் பழக்கமே வரல” என்று அதன்மேல் பழி.

தரையில் இடம் இல்லையென்றால் மேலே போங்கள். பூனைக்கு உயரம்தான் சொத்து. ஐந்து, ஐந்தரை அடி உயரத்தில் இரண்டு மூன்று பலகை வைத்த கூண்டு, அகலமான தாழ்வான கூண்டைவிட எவ்வளவோ மேல். கீழே மண் தட்டு, நடுவில் சாப்பாடு, உச்சியில் படுக்கை. பலகை ஒன்றே கால் அடி அகலமாவது இருந்தால்தான் பூனை காலை நீட்டிப் படுக்க முடியும். வழுக்காமல் இருக்க மேலே சணல் சாக்கை இழுத்துக் கட்டுங்கள். நகம் கீற, நிமிர்ந்து நிற்கும் கட்டை ஒன்றில் தேங்காய் நார்க்கயிற்றை நெருக்கமாகச் சுற்றினால் போதும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கயிறுக்கா பஞ்சம்? பூனை முன்காலைத் தூக்கி முழு உடம்பையும் நீட்டிக் கீறும் என்பதால் கட்டை இரண்டரை மூன்றடி உயரம் இருக்கட்டும், ஆடாமல் இருக்கட்டும். படுக்கைக்குக் கடையில் விற்கும் பஞ்சு மெத்தை தேவையில்லை. சீர்காழியிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் தைக்காலில் வாங்கிய பிரம்புக் கூடைதான் செம்பாவுக்குப் பிடித்த இடம்.

கூண்டைப் பட்டறையில் சொல்லிச் செய்வதுதான் நம் பக்கம் கட்டுப்படியாகும். ஆனால் அளவைச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள், கூடவே நில்லுங்கள். “பூனைக்குத்தானேக்கா, கோழி வலை போதாதா?” என்று பட்டறைத் தம்பி கேட்டார். போதாது. அறுகோணக் கோழி வலை மெல்லிய கம்பி. பூனை ஏறினால் தொய்யும், பல்லால் இழுத்தால் பிரியும், பிரிந்த முனை கண்ணைக் குத்தும். ஜன்னலுக்கு அடிக்கும் நைலான் கொசுவலை அதைவிட மோசம், நகத்துக்கு ஒரு நாள்கூடத் தாங்காது. கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பற்றவைத்த வெல்ட் மெஷ்தான் சரி. வளர்ந்த பூனைக்கு ஒரு அங்குலக் கட்டம் போதும். இரண்டு அங்குல இடைவெளி இருந்தால் இரண்டு மாதக் குட்டி வெளியே வந்துவிடும், அல்லது தலை மாட்டிக்கொண்டு கத்தும். டெல்டாவில் நான் அரை அங்குலக் கட்டமே வாங்கச் சொல்வேன். அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் எலி வீட்டைத் தேடி வரும், அதன் பின்னாலேயே பாம்பும் வரும். அடைபட்ட பூனையால் ஓட முடியாது.

அடித்தளத்தில் மட்டும் கம்பி வேண்டவே வேண்டாம். கழிவு கீழே விழும், கழுவச் சுலபம் என்று சொல்லி விற்பார்கள். நாள் முழுக்கக் கம்பிமேல் நின்றால் பாதம் புண்ணாகும், நகம் மாட்டும். ஏற்கெனவே அப்படி வாங்கிவிட்டால் அளவுக்கு ஒரு பலகை வெட்டிப் போட்டு, மேலே ரப்பர் விரிப்பு விரியுங்கள்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். மண் தட்டு உள்ளே போய் வரும் அளவுக்குக் கதவு இருக்கிறதா என்று பட்டறையிலேயே வைத்துப் பாருங்கள். தாழ்ப்பாள் பூனை தட்டினால் திறக்கக்கூடாது, நீங்கள் ஒரு கையால் திறக்கும்படி இருக்க வேண்டும். வெட்டிய கம்பி முனைகளை அரம் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். பெயின்ட் அடித்தால் வாசனை முழுதாகப் போகும்வரை, ஒரு வாரமாவது, பூனையை உள்ளே விடாதீர்கள். பூனை எதையும் நக்கித்தான் பார்க்கும்.

வைக்கும் இடத்துக்கு வருவோம். பழைய வீடு என்றால் முற்றத்தைத்தான் எல்லோரும் நினைக்கிறோம். வெளிச்சம், காற்று, மேலே பறக்கும் காக்கை, பூனைக்கு வேடிக்கை பார்க்க எல்லாம் உண்டு. ஆனால் முற்றத்து மேல்கம்பிக்கு நடுவே நாலு அங்குல இடைவெளி இருக்கும். தாழ்வார ஓட்டில் ஏறி அதன் வழியே பூனை கூரைக்குப் போய்விடும். கம்பிக்கு அடியில் மெஷ் அடித்த பிறகுதான் எங்கள் முற்றம் பூனைக்கு ஆனது. கூண்டை முற்றத்தின் நடுவில் வைக்காமல் தாழ்வாரத்து மூலையில் வையுங்கள். இரண்டு பக்கம் சுவர் வந்தால் பூனைக்குத் தைரியம் வரும். ஐப்பசி கார்த்திகையில் சாரல் எதுவரை அடிக்கிறது என்று ஒரு மழையில் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். ஈரத்தில் கிடந்தால் தோலில் படர்தாமரை வரும், முடி நீண்ட பாரசீகப் பூனைக்கு இன்னும் சீக்கிரம் வரும். அது நமக்கும் ஒட்டும்.

தகரக் கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாடி, இவை சித்திரை வைகாசியில் அடுப்பு மாதிரி. பூனையின் உடல் வெப்பமே 38, 39 டிகிரி செல்சியஸ். வெளிச்சூடு அதைத் தொட்டுவிட்டால் உடம்பைக் குளிர்விக்க அதற்கு வழி குறைவு. நாயைப்போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். ஃபேன் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கரண்ட் இல்லாமலும் காற்று வரும் இடமாகப் பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப மூடி போட்ட கூடை ஒன்றும் கூண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தட்டில் என்ன போடுவது? பூனைத் தட்டில் போடவென்றே கடையில் விற்கும் களிமண் துகள் நல்லது, அதை ‘லிட்டர்’ என்பார்கள், விலைதான் அதிகம். சலித்துக் காயவைத்த ஆற்று மணலைப் பூனைகள் விரும்பும். அடிக்கடி மாற்ற வேண்டும். நெல் உமி நம் ஊரில் சும்மா கிடைக்கிறது என்று போடாதீர்கள். ஈரத்தை உறிஞ்சாது, தூசி பறக்கும், பாதத்தைக் குத்தும். சின்னக் குட்டிகளுக்குக் கட்டியாகும் லிட்டர் வேண்டாம், தின்று பார்க்கும். கழிவைத் தினமும் அள்ளிவிடுங்கள். அதில் டாக்ஸோபிளாஸ்மா என்ற நோய்க்கிருமி இருந்தால் அது பிறருக்குத் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால், அன்றன்று அள்ளுவது வீட்டுக்கே பாதுகாப்பு. கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யக்கூடாது. சாப்பாட்டுக் கிண்ணத்தில் எறும்பு ஏறினால் மருந்து தூவாமல், தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் கிண்ணத்தை வையுங்கள்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயம், பினாயில். சுத்தமாக வைத்திருக்கிறோம் என்ற நல்ல எண்ணத்தோடுதான் ஊற்றுகிறோம். நானும் ஊற்றினேன். காலையில் கூண்டைத் துடைத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் செம்பாவை விட்டேன். அவள் பாதத்தை நக்கினாள். மத்தியானம் வாயிலிருந்து நூல்போல எச்சில் வடிந்தது, சாப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மருத்துவர் தொட்டுப் பார்க்கும் முன்பே கேட்ட கேள்வி: “தரையை எதுல துடைக்கிறீங்கம்மா?” ஃபீனால் வகை ரசாயனத்தை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. மனிதருக்கும் நாய்க்கும் ஒன்றும் செய்யாத அளவு பூனைக்கு விஷமாகும். தண்ணீரில் விட்டதும் பால்போல வெளுக்கும் கிருமிநாசினி எதுவும் பூனை இருக்கும் இடத்தில் வேண்டாம். சோப்புத் தண்ணீரும் வெந்நீரும் போதும். அதே கணக்கில் கூண்டுக்குப் பக்கத்தில் அந்துருண்டையும் கற்பூரமும் கூடாது. நாய்க்கு அடிக்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து பூனையின் உயிரையே எடுக்கும்.

பழைய கூண்டு மலிவாகக் கிடைத்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் இருந்த பூனைக்கு என்ன ஆனது? பேன்லூகோபீனியா என்ற பூனை நோயின் வைரஸ் கம்பியிலும் பலகையிலும் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். தடுப்பூசி போடாத குட்டிக்கு அது எமன். முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி ப்ளீச் கலந்து, பத்து நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி விட்டு, நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். சிறுநீர் இருக்கும் தட்டில் ப்ளீச்சை நேரே ஊற்றாதீர்கள், கிளம்பும் வாயு நம் நெஞ்சையே அடைக்கும். மரப்பலகை இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள்.

கூண்டு தயாரானதும் முதல் நாளே பூனையைப் பிடித்து உள்ளே தள்ளிச் சாத்துவதுதான் எல்லா உழைப்பையும் வீணாக்கும் தவறு. ஒரு வாரம் கதவைக் கட்டித் திறந்தே வையுங்கள். அதன் வாசனை படிந்த துணியைப் போடுங்கள், சாப்பாட்டை உள்ளே மட்டும் வையுங்கள். தானாகப் போய்த் தூங்கத் தொடங்கிய பிறகு ஐந்து நிமிடம் சாத்துங்கள், அப்புறம் அரை மணி, அப்புறம் ஒரு இரவு. தப்பு செய்ததற்குத் தண்டனையாக ஒருமுறைகூட அதில் அடைக்காதீர்கள். ஒருவரை ஒருவர் நக்கிவிடாத இரண்டு பூனைகளை ஒரே கூண்டில் போடுவதும் கொடுமைதான். கருத்தடை செய்யாத கடுவன், அதாவது ஆண் பூனை என்றால் எந்தக் கூண்டு வாங்கினாலும் மூத்திரம் பீய்ச்சும். ஐந்தாறு மாதத்தில் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

அடைபட்ட பூனை தண்ணீர் குறைவாகக் குடிக்கும். அதனால் தண்ணீரைச் சாப்பாட்டிலிருந்து தள்ளி, அகலமான கிண்ணத்தில் வைத்து, தினமும் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். கடுவன் பூனை தட்டில் திரும்பத் திரும்பக் குந்தி, முக்கி, சொட்டுக்கூட வராமல் எழுந்தால் மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். அது சிறுநீர் அடைப்பு. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பக்கத்து மருத்துவமனையில் முடியாதென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூடையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.