சுகர் ஏற்ற இறக்கத்த லிப்ரேவியூல பாக்குறது எப்படி?

சுகர தொடர்ந்து அளக்குற ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார் ஒட்டியிருக்கவங்க சராசரிய மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க, சுகர் 60க்கு இறங்கி 240க்கு ஏறினாலும் சராசரி 150ன்னுதான் வரும். சென்சார் டேட்டாவ காட்டுற லிப்ரேவியூ வெப்சைட்ல லாகின் பண்ணி ஏஜிபி ரிப்போர்ட் (பல நாள் சுகர ஒரே நாள் கிராஃபா சேத்துக் காட்டுறது) எடுங்க, 14 நாள் டேட்டா வேணும், அதுல 70 சதவீதமாச்சும் சென்சார் ஓடியிருக்கணும்.

அதுல குளுக்கோஸ் வேரியபிலிட்டி, அதாவது சுகர் எவ்ளோ ஏறி இறங்குதுங்கற அளவு, 36 சதவீதமோ அதுக்குக் கீழயோ இருந்தா பரவால்ல.

ஆனா கிராஃபதான் நிதானமா பாக்கணும். நடுக்கோட்ட சுத்தி இருக்குற அடர் பட்டை எந்த நேரத்துல அகலமாகுதோ அந்த நேரத்துல சுகர் நாளுக்கு நாள் மாறுதுன்னு அர்த்தம், காலை இட்லிக்கு அப்புறம் அப்படி விரிஞ்சா எத்தன இட்லி, இன்சுலின் எப்ப போட்டீங்கன்னு அந்தந்த நாள எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க. அதுக்கு வெளியில இருக்குற வெளிர் பட்டை ராத்திரில 70க்குக் கீழ போனா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க, டோஸ நீங்களா மாத்தாதீங்க ப்ளீஸ்.