"பில்லில் சேர்த்துக்கொள்ளலாம்" என்றால் நம்பாதீர்கள்: கூடுதல் வேலைக்குப் பணம் கேட்கும்போது செய்யும் தவறுகள்

பல்லடத்துக்குத் தெற்கே ஒரு குடிநீர்க் குழாய் வேலை எடுத்திருந்தேன். எஸ்டிமேட்டில் குழி முழுவதும் செம்மண்ணும் சரளையும் என்று போட்டிருந்தார்கள். மூன்றடி இறங்கியதும் பொக்லைன் பல் கிறீச்சிட்டது. பாறை. வேலையை நிறுத்திவிட்டு உதவிப் பொறியாளரை அழைத்தேன். வந்து குழியை எட்டிப் பார்த்தார். "கோடைக்குள் தண்ணீர் விட்டாக வேண்டும். பிரேக்கர் வைத்து உடைத்துவிடுங்கள், பில்லில் சேர்த்துக்கொள்ளலாம்" என்றார். பதினோரு நாள் பிரேக்கர் ஓடியது. குழாயைப் பதித்து மண்ணைத் தள்ளி மூடினோம். செய்த வேலையைத் துறை அளந்து பதிகிற அளவுப் புத்தகத்தில் ஏறியபோது அத்தனையும் சாதாரண மண் வெட்டு. அதற்குள் அந்தப் பொறியாளர் மாற்றலாகிப் போய்விட்டார். உடைத்த பாறை மண்ணுக்கடியில் கிடந்தது, என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அவர் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. இதைப் புரிந்துகொள்ளாததுதான் என் முதல் தவறு. ஈரோடு, கரூர், நாமக்கல் என்று நான் பேசிய ஒப்பந்ததாரர்களில் பாதிப்பேர் இதே இடத்தில்தான் விழுந்திருக்கிறார்கள். நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும் வாங்கிய எஸ்டிமேட்டுக்குத்தான் டெண்டர் விடுகிறார்கள். அதில் இல்லாத இனத்துக்கு, அதாவது வேலை வகைக்கு, பணம் தர வேண்டுமானால் திருத்திய எஸ்டிமேட் போக வேண்டும், அதிகாரமுள்ளவர் விலையை ஏற்க வேண்டும், துணை ஒப்பந்தம் எழுத வேண்டும். இவை இல்லாமல் காசோலை போட்டால் தணிக்கையில் அந்த அதிகாரியே பதில் சொல்ல நேரும். அதனால் மனம் இருந்தாலும் பிறகு அவரால் தர முடிவதில்லை.

ஆகவே, வாய்வார்த்தை வந்த அன்றே கடிதம் எழுதுங்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எஸ்டிமேட்டில் என்ன இருந்தது, தோண்டியபோது என்ன கிடைத்தது, யார் எந்தத் தேதியில் செய்யச் சொன்னார், தோராயமாக எவ்வளவு ஆகும், எழுத்து உத்தரவு வேண்டும் என்ற கோரிக்கை: இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். கள அலுவலரோடு நிறுத்தாமல், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட செயற்பொறியாளருக்கோ ஆணையருக்கோ அனுப்பி, நகலில் தபால் பிரிவின் முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் எழுதினால் கோபித்துக்கொள்வார்களோ, அடுத்த வேலை கிடைக்காதோ என்று தயங்குவோம். நானும் அப்படித்தான் தயங்கினேன். நியாயமாக நடக்கிற பொறியாளருக்கு அந்தக் கடிதம் உதவிதான். மேலிடத்தில் திருத்திய எஸ்டிமேட் கேட்க அவருக்கும் ஒரு ஆதாரம் வேண்டும்.

அதே இனம் அளவில் கூடுவது வேறு, புதிய இனம் சேர்வது வேறு. நூறு மீட்டர் வாய்க்கால் சுவர் நூற்றிருபதானால் ஒப்பந்த விலையும் அதில் எழுதிய வரம்பும் பேசும். மண் வெட்டு பாறை உடைப்பாக மாறினால் பொதுப்பணித் துறையின் விலைப் பட்டியலை வைத்துப் புது விலை கட்ட வேண்டும். இரண்டையும் ஒரே தொகையாகக் கலந்து கேட்டால், வரவேண்டிய பாதியும் சேர்ந்து கிடப்பில் போகும்.

மூடிவிட்ட வேலையை யாரும் அளக்க மாட்டார்கள். மூடுவதற்கு முன் ஓவர்சியரை நிற்க வைத்து மட்டம் எடுங்கள். குழிக்குள் அளவுகோலை நிறுத்தி, அடி எண் தெரியும்படி படம் பிடியுங்கள். பக்கத்தில் ஒரு வீட்டுச் சுவரோ மின்கம்பமோ தெரிந்தால் இடம் பற்றிய தகராறும் எழாது. அளவுத்தாளில் இருவரும் கையெழுத்திட வேண்டும். படம் எடுத்த செல்போனைப் பத்திரமாக வையுங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய சட்டம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். அளவுப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம்.

இறுதிப் பில்லில் "இனி எனக்குக் கோரிக்கை எதுவும் இல்லை" என்ற வரி இருக்கும். வட்டிக்கு வாங்கிய பணம் நெருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுவோம். அதற்கு முன்பே, கூடுதல் வேலைக்கான கோரிக்கை நிலுவையில் இருக்கிறது, ஆட்சேபத்துடன் இந்தத் தொகையைப் பெறுகிறேன் என்று தனிக் கடிதம் கொடுங்கள்.

எழுத்து உத்தரவே இல்லாமல் வேலை முடிந்துவிட்டால் எல்லாம் போயிற்றா? போகவில்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 70ஆம் பிரிவு இருக்கிறது: இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் சட்டப்படி ஒரு வேலையைச் செய்து, மற்றவர் அதன் பயனை அனுபவித்தால் ஈடு தர வேண்டும். மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு இதற்குப் பெயர் பெற்றது. 1944இல் அதிகாரிகள் கேட்டதற்காகக் கிடங்கு, காவலர் அறை, சமையலறை எல்லாம் கட்டிக் கொடுத்தார்கள். முறையான அரசு ஒப்பந்தம் இல்லை. இருந்தும் ஈடு உண்டு என்று 1961 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தப் பிரிவை மட்டும் நம்பிக் கடிதம் எழுதாமல் இருப்பது பெரிய தவறு. எழுத்து உத்தரவின்றிச் செய்த கூடுதல் வேலைக்குப் பணமில்லை என்று உங்கள் ஒப்பந்தமே சொன்னால், துறை முதலில் அந்த விதியைத்தான் காட்டும். பயனை அனுபவித்தவருக்கு அதை மறுக்கும் வாய்ப்பும் இருந்திருக்க வேண்டும். கேட்காமல் செய்துவிட்டு, இப்போது பயன்படுத்துகிறீர்களே என்று வாதாடுவது கடினம்.

கடைசியாகக் காலக்கெடு. பணம் தர வேண்டிய தேதி குறிக்கப்படாத வேலைக்கு, வேலை முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். மாநில அரசு மீதான வழக்குக்கு, சிவில் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மாதம் கெடுவின் கணக்கில் சேராது. நீங்கள் அனுப்பும் நினைவூட்டல்களால் கெடு நீளாது. "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று துறை எழுதுவதும் கடனை ஒப்புக்கொள்வதாகாது. எனக்கு அப்படி நான்கு பதில்கள் வந்தன. நான்காவதை எடுத்துக்கொண்டு ஈரோட்டில் வக்கீலைப் பார்க்கப் போனபோது, குழியை மூடி மூன்று ஆண்டும் ஏழு மாதமும் ஆகியிருந்தன.