எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வெல்டிங்குக்கு எந்த ரொட்?

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு பல்கனிக் கைப்பிடியைப் பார்த்தேன். எஸ்.எஸ். பைப் பளபளவென்று இருக்கிறது, மூட்டுகள் மட்டும் செம்மண் நிறத்தில் துருப்பிடித்திருக்கின்றன. இரும்புக்குப் போடும் 6013 ரொட்டால் ஒட்டிய வேலை. உப்புக்காற்று சும்மா விடுமா?

கொழும்பு பழைய சோனகத் தெருவில் ரொட் வாங்கும்போது “எஸ்.எஸ். ரொட் தாங்கோ” என்று மட்டும் கேட்காதீர்கள், இலக்கத்தைச் சொல்லுங்கள். 304 வகை எஸ்.எஸ். பைப், தகடு என்றால் 308எல் ரொட். 316 வகை என்றால் 316எல்தான். உப்பைத் தாங்குவது அதிலுள்ள மொலிப்டினம் என்ற உலோகம். எஸ்.எஸ்.ஸை இரும்போடு ஒட்டுவதென்றால் 309எல். இங்கேதான் பலர் 308ஐப் போட்டுவிட்டு, வெடிப்பு விழுந்தபின் தலையைச் சொறிவார்கள்.

‘எல்’ என்றால் காபன் குறைவு. மூட்டின் ஓரம் அரிப்பது குறையும். இலக்கத்தின் கடைசியில் 16 என்றிருந்தால் ஏசி, டீசி இரண்டு கறண்டிலும் ஓடும், 15க்கு டீசி வேண்டும். 2.5 மி.மீ. ரொட்டுக்கு 60–80 அம்பியர் பொதுவாகப் போதும், பெட்டியில் போட்டிருக்கும் அளவையும் பாருங்கள். ரொட் பாதியிலேயே சிவந்தால் கறண்ட் கூடிவிட்டது.

அப்புறம், எஸ்.எஸ். மூட்டின்மேல் படியும் கசடு ஆறும்போது தானாகவே தெறிக்கும். வெல்டிங் முடிந்ததென்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடாதீர்கள்.