பழஞ்சிலையா, படிச்சிலையா: கொங்குக் கோயில்களில் பிரித்தறியும் முறை

கொங்கு நாட்டில் திருப்பணி கண்ட கோயில்களில், பல நூற்றாண்டு கண்ட சிலையும் அண்மையில் திருமுருகன்பூண்டிப் பட்டறையில் வடித்த சிலையும் அடுத்தடுத்த கோட்டங்களில் (சுவர் மாடங்களில்) நிற்பதுண்டு. சிதைந்து பின்னமான திருமேனிக்கு மாற்றாக, அதைப் பார்த்துப் புதிய படிச்சிலை செய்து வைப்பது பழைய மரபுதான்; புதியதைப் பழையதென்று சொல்லி விற்கும்போதே அது போலியாகிறது.

படியெடுப்பவர் மிகுந்த கவனம் செலுத்தும் இடம் முகம் என்பதால், ஆய்வை அங்கே தொடங்க வேண்டாம். பின்புறம், பீடத்தின் ஓரம், கைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள இடுக்கு ஆகியவற்றை டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கையுளியின் கொத்துகள் ஆழத்திலும் இடைவெளியிலும் சற்றே மாறிக்கொண்டிருக்கும். கல்லைத் தேய்த்து அறுக்கும் மின்சக்கரமான கிரைண்டர் பட்ட இடத்தில் சீரான வளைகீறல்கள் தெரியும். இடுக்கு முடியும் மூலையில் சக்கரம் எல்லை தாண்டி ஓடிய மெல்லிய வெட்டும் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். அந்தத் தடம் இல்லை என்பதாலேயே சிலை பழையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கையுளியால் மட்டுமே வேலை செய்யும் சிற்பிகள் இன்றும் இருக்கிறார்கள்.

அடுத்துத் தேய்மானம். நெடுங்காலம் வழிபாட்டிலிருந்த சிலையில் கை படும் பாதமும் முழங்காலும் மழுங்கியிருக்க, கை எட்டாத மடிப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு கறுத்து இறுகியிருக்கும். அமிலம் தடவி மண்ணில் புதைத்து முதுமை ஏற்றிய கல்லிலோ மேடும் பள்ளமும் ஒன்றுபோலவே அரித்திருக்கும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்த பழஞ்சிலை புதியதுபோல் தோன்றி உங்களை ஏமாற்றலாம். கல்லின் மேல்தோலோடு அதன் வரலாற்றையும் உரித்துவிடும் இந்த வழக்கம் மிகுந்த வேதனைக்குரியது.

பாணியை ஒப்பிடப் பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் கனகசபை மண்டபத் தூண்கள் நல்ல அளவுகோல்; அவை 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்தவை. அகோர வீரபத்திரர், ஊர்த்துவ தாண்டவர் ஆகிய சிவ வடிவங்களில் மூக்கின் கூர்மையையும் அணிகலன்களின் நெருக்கத்தையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குப் பல நூற்றாண்டு முந்திய முற்காலச் சோழர் படைப்பு என்று காட்டப்படும் சிலையில் அதே நெருக்கம் இருந்தால் ஐயப்பட வேண்டும்.

கண்ணால் கண்டதை ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து கோயில்களைப் படம்பிடித்துச் சேர்த்த தொகுப்பு, களவுபோன சிலைகளை அடையாளம் காணப் பலமுறை உதவியிருக்கிறது. நூறாண்டு கடந்த கற்சிலை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது. அப்படி ஒன்று விலைக்கு வந்தால் முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். சான்றிதழ் இல்லையென்றால் பணம் கொடுக்காமல், தமிழகக் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குத் தெரிவியுங்கள்.