குழு மாறியதா, கணக்கு மாறியதா?

சமூக வலையமைப்பில் குழுக்கள் காலப்போக்கில் எப்படி மாறுகின்றன என்று கணக்கிடப் பழகுபவர்கள் பலர் அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் மின்னஞ்சல்களில்தான் கை வைப்பார்கள். சுமார் 150 ஊழியர்களின் அஞ்சல்பெட்டிகள் அதில் உண்டு. 2001 டிசம்பரில் நிறுவனம் திவாலானது தெரிந்த கதை என்பதால் பிளவைத் தேடுகிறோம், அதுவும் கிடைத்துவிடுகிறது. மெய்யான பிளவா என்பதுதான் கேள்வி.

முதல் கோளாறு தரவிலேயே. ஒரே அஞ்சல் பல அடைவுகளில் கிடக்கும், ஒரே ஆள் பல முகவரிகளில் வருவார். இவற்றை முதலில் ஒன்றாக்குங்கள். 200 பேருக்குப் போன சுற்றறிக்கையில் பெறுநர்களை ஒருவருக்கொருவர் இணைத்தால் 19,900 போலித் தொடர்புகள் முளைக்கும்; அந்த மாதம் எல்லாரும் ஒரே குழுவாகத் தெரிவார்கள்.

அடுத்தது, வலையமைப்பைக் குழுக்களாகப் பிரிக்கும் லூவைன் (2008) முறையை மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஓட்டுவது. கணுக்களை (இங்கே ஆட்களை) எடுக்கும் வரிசை மாறினாலே விடை மாறும். தற்செயல் வரிசையைத் தீர்மானிக்கும் 'சீட்' எண்ணை நிலையாக வைப்பது இந்த ஆட்டத்தை மறைக்குமே தவிர நீக்காது. ஒரே மாதத் தரவை 20, 30 முறை ஓட்டிப் பாருங்கள். அந்த விடைகளுக்குள் இருக்கும் வேறுபாட்டைத் தாண்டாத மாத மாற்றத்தை மாற்றமாகவே எண்ண வேண்டாம். லூவைனைத் திருத்தி வந்த லைடன் (2019) முறை உள்ளுக்குள் துண்டுபட்ட குழுக்களைத் தவிர்க்கும். ஆனால் அதிலும் தற்செயல் உண்டு. ஜனவரியின் '3ஆம் குழு' பிப்ரவரியிலும் அதே எண்ணில் இருக்கும் என்று நம்புவதும் வீண்.

அதிகம் சறுக்குவது ஒரு மாதக் குழுக்களை அடுத்த மாதக் குழுக்களோடு பொருத்தும் இடத்தில். 20 பேர் குழுவில் 12 பேர் தங்கி, 8 பேர் புதிதாக வந்தால் ஜக்கார்ட் மதிப்பு (இரண்டு மாதத்துக்கும் பொதுவான ஆட்கள் ÷ இரண்டிலும் சேர்த்து மொத்த ஆட்கள்) 12/28, அதாவது 0.43. 'அதே குழுதான்' என்று ஏற்கும் வரம்பை 0.5 என்று வைத்தவருக்கு அந்தக் குழு 'இறந்துவிட்டது'! 10 பேர் குழு அப்படியே 60 பேர் குழுவில் கரைந்தால் மதிப்பு 0.17-க்கும் கீழேதான் வரும், வரம்பை 0.3-க்குக் குறைத்தாலும் இணைப்பு கண்ணில் படாது. எனவே பழைய குழுவில் எத்தனை பங்கு புதியதற்குள் போனது என்பதையும் தனியே கணக்கிடுங்கள். இங்கே அது 100%.

காலச் சாளரமும், அதாவது ஒரு தடவைக்கு எடுக்கும் கால அளவும், ஏமாற்றும். வாரக் கணக்கில் கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தாலே குழு காணாமல் போகும். ஒன்றிரண்டு சாளரம் இடைவெளி விட்டும் பொருத்திப் பாருங்கள். நான்கு வாரச் சாளரத்தை ஒவ்வொரு வாரமாக நகர்த்தினால் முக்கால்வாசி அஞ்சல் பொதுவானது, எனவே நிலைத்தன்மை மிகையாகத் தெரியும். அந்த மாதம் அஞ்சலே அனுப்பாதவரையும் வேறு குழுவுக்குத் தாவியவரையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள்.

எல்லா அளவுக்கும் ஒரே வரம்பு வைப்பதும் தவறு. பெரிய குழுக்கள் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால்தான் நீடிக்கின்றன, சிறியவை ஆட்கள் மாறாதிருந்தால் நீடிக்கின்றன என்று ஆய்வாளர்கள் பல்லா, பரபாசி, விச்செக் மூவரும் 2007-இல் காட்டினார்கள். 0.5 வரம்பு பெரிய குழுக்களைத்தான் முதலில் கொல்லும்.