கார் சக்கர நட்டை எவ்வளவு முடுக்கணும்?

எண்ணூர் விரைவுச் சாலையில் இருக்கும் பஞ்சர் கடைகள் பெரும்பாலும் துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களை நம்பிப் பிழைப்பவை. அங்கே தொங்கும் ஏர் கன்னும், அதாவது காற்றழுத்தத்தில் நட்டு முடுக்கும் கருவியும், லாரிக்கானதுதான். சக்கரம் உட்காரும் ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், நட்டு ஏறும் மரைத்தண்டுதான் ஸ்டட். கனரக லாரியின் ஸ்டட் கிட்டத்தட்ட கட்டைவிரல் பருமன். அதற்கு 500 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கு வேண்டும். உங்கள் காரின் ஸ்டட் சுண்டுவிரல் பருமன், 12 மில்லி. அதற்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருந்தால் போதும். கன்னுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பெரிய கன்னில் சாக்கெட்டை மாற்றி, ஒரு ‘டர்ர்ர்’ கொடுத்து ‘டைட்டா இருக்கு, போலாம் சார்’ என்று அனுப்பிவிடுவார்கள். டைட்டாகத்தான் இருக்கும். அடுத்த தடவை நடு ரோட்டில் பஞ்சராகும்போது கழற்றப் பார்த்தால்தான் எவ்வளவு டைட் என்று தெரியும்.

நட்டு என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். நட்டை முடுக்கும்போது ஸ்டட் ஒரு ஸ்பிரிங் போல இம்மியளவு நீள்கிறது. நீண்ட ஸ்டட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புதான் ரிம்மை ஹப்போடு சேர்த்து அமுக்கிப் பிடிக்கிறது. 12 மில்லி ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் கொடுத்தால், மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கும் பட்சத்தில், ஒரு ஸ்டட்டுக்குச் சுமார் 4 டன் பிடிப்பு கிடைக்கும். நாலு ஸ்டட் என்றால் 16 டன். ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் சக்கரத்தைத் தாங்குவது இந்தப் பிடிப்பால் வரும் உராய்வு. பிடிப்பு குறைந்தால் ரிம் ஹப்பின் மேல் நூலளவு வழுக்க ஆரம்பிக்கும், ஸ்டட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடங்கி மடங்கி ஒரு நாள் ஒடியும்.

நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டப் போகிறது. மீதி ஒன்பது பங்கும் மரையின் உரசலிலும், நட்டு ரிம்மில் உட்காரும் இடத்தின் உரசலிலும் போய்விடுகிறது. அதனால் உரசல் கொஞ்சம் மாறினாலே கணக்கு தலைகீழாகும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு உப்புக்காற்று சும்மா இருக்காது. மரையில் துரு ஏறியிருந்தால் டார்க் ரெஞ்ச் (வைத்த முறுக்கு அளவு வந்ததும் ‘டிக்’ என்று சொல்லும் ஸ்பேனர்) 100-ல் ‘டிக்’ என்று சொல்லும், உள்ளே பிடிப்பு பாதிகூட வந்திருக்காது. இதற்குப் பயந்து மரையில் கிரீஸோ ஆயிலோ தடவினால் நேரெதிர் கோளாறு: அதே 100-க்கு 4 டன்னுக்குப் பதில் 6 டன்னைத் தாண்டிவிடும், ஸ்டட் தன் எல்லைக்கு மேல் நீண்டு ஸ்பிரிங் குணத்தை இழக்கும். கம்பெனி கொடுக்கும் எண் சுத்தமான, காய்ந்த மரைக்கானது. புத்தகத்தில் எண்ணெய் போடச் சொல்லியிருந்தால் ஒழிய எதுவும் போடக் கூடாது.

உங்கள் காருக்கு எத்தனை

டேஷ்போர்டு பெட்டியில் தூங்கும் ஓனர் மேனுவலில் ‘வீல் நட்’ டார்க் என்று போட்டிருக்கும். அதுதான் கடைசி வார்த்தை. ஒரு அடையாளத்துக்கு: பழைய மாருதி ஸ்விஃப்டுக்கு 85, புதியவற்றுக்கு 100. டொயோட்டாவுக்கு 103, ஹோண்டாவுக்கு 108. ஹூண்டாயில் பழைய மாடல்களுக்கு 88 முதல் 107, புதியவற்றுக்கு 107 முதல் 127. ஃபோக்ஸ்வாகன் போலோ, வென்டோவுக்கு 120. எல்லாம் நியூட்டன் மீட்டரில். சில புத்தகங்களில் கிலோ கணக்கில் 10.5, 11 என்று இருக்கும், அதை 9.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சாக்கெட் சைஸ் மாருதி, ஹோண்டாவுக்கு 19, ஹூண்டாய், டொயோட்டாவுக்கு 21, ஃபோக்ஸ்வாகனுக்கு 17. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்றவற்றில் ஸ்டட்டும் நட்டும் கிடையாது, ஹப்புக்குள் போகும் போல்ட். முடுக்கும் முறை ஒன்றேதான், ஆனால் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டையை நேர்பார்க்கணும். முதுகுக்கு வேலை.

ரெஞ்ச்

அரை இன்ச் டிரைவ், 28 முதல் 210 வரை அளக்கும் கிளிக் வகை டார்க் ரெஞ்ச் காருக்குப் போதும். பாரிமுனை டூல்ஸ் கடைகளில் கேட்டால் எடுத்துப் போடுவார்கள். வாங்கும்போதே கைப்பிடியைத் திருப்பி அளவு வைத்துப் பாருங்கள். இந்த அளவு ரெஞ்ச்கள் பலவற்றில் தண்டில் உள்ள கோடுகள் 14, 14-ஆகக் கூடும்: 84, 98, 112. கைப்பிடியின் வளையத்தில் 0 முதல் 14 வரை சின்ன எண்கள். 100 வேண்டுமானால் வளையத்தின் பூஜ்யத்தை 98 கோட்டில் நிறுத்தி, அங்கிருந்து 2 வரை திருப்பி, அடியில் உள்ள திருகைப் பூட்ட வேண்டும். தண்டின் மறுபக்கத்தில் அடி-பவுண்டு அளவும் இருக்கும். அதில் 100 வைத்துவிட்டால் 136 நியூட்டன் மீட்டர். இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறது.

‘டிக்’ ஒரு தடவை வந்ததும் நிறுத்துங்கள். உறுதிக்காக இன்னொரு ‘டிக்’, மனத்திருப்திக்காக மூன்றாவது என்று போனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடும். மணலி சாலை இரைச்சலில் சத்தம் காதில் விழாது, உள்ளங்கையில் ஒரு சின்ன உதறலாகத் தெரியும், அதைக் கவனியுங்கள். பிடியின் நடுவில் பிடித்து, வெட்டி இழுக்காமல் ஒரே சீராக இழுக்கணும். இந்த ரெஞ்சை நட்டு கழற்ற எடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் அளவை அடி எண்ணுக்கு, அதாவது 28-க்கு, இறக்கி வையுங்கள். உள்ளே உள்ள ஸ்பிரிங் இறுகியே கிடந்தால் அளவு பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

மாட்டும் முன்

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, மூலைக்கு மூலை எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். எர்ணாவூர் பக்கம் மணல் ஓரத்தில் நிறுத்த நேர்ந்தால் ஜாக்கிக்கு அடியில் கெட்டியான பலகை வேண்டும், இல்லையென்றால் கார் ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். ஜாக்கி போடும் முன், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். தூக்கியதும் ஸ்டெப்னியைக் காருக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள், ஜாக்கி வழுக்கினாலும் கார் அதன்மேல்தான் உட்காரும்.

மழைக்காலத்தில் வியாசர்பாடி சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறிய கார்களில் ரிம் ஹப்போடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். நட்டெல்லாம் கழற்றியும் சக்கரம் அசையாது. ஜாக்கியில் நிற்கும் காரை எட்டி உதைக்கக் கூடாது. நட்டுகளைத் திரும்பக் கையால் மாட்டி, ஒரு சுற்று மட்டும் தளர்வாக விட்டு, காரை இறக்கி, முதல் கியரில் இரண்டடி முன்னே, இரண்டடி பின்னே மெல்ல நகர்த்துங்கள். ‘டக்’ என்று விட்டுக்கொடுக்கும்.

சக்கரத்தை எடுத்ததும் ஹப்பின் முகத்தையும் ரிம்மின் உட்புற முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். ஒரு துருச் சில்லு இடையில் மாட்டினால், முடுக்கும்போது அது தடையாக நிற்கும், ரெஞ்ச் ‘டிக்’ சொல்லும், ஓடும்போது அது பொடியாகி உதிரும், பிடிப்பும் கூடவே போகும். அலாய்க்கு பெயின்ட் அடிப்பவர்கள் இந்த முகத்திலும் நட்டு உட்காரும் குழியிலும் அடித்துவிடுவதுண்டு. பெயின்ட் அமுங்கினாலும் இதே கதை. மரைகளையும் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்த துணியால் துடையுங்கள். ரிம் திரும்ப ஒட்டாமல் இருக்க, நடு ஓட்டை உட்காரும் வளையத்தில் மட்டும் துளி காப்பர் பேஸ்ட் தடவலாம். மரைப் பக்கம் வரவே கூடாது.

நட்டின் அடிப்பாகத்தையும் ஒரு பார்வை பாருங்கள். கூம்பு, உருண்டை, வாஷரோடு தட்டை என மூன்று வகை உண்டு. கூம்பு நட்டு கூம்புக் குழியில்தான் உட்காரும். கூம்பை உருண்டைக் குழியில் போட்டால் ஒரு மெல்லிய வளையத்தில்தான் தொடும், எத்தனை முடுக்கினாலும் தளரும். வெளியில் அலாய் வாங்கிப் போடுகிறவர்கள் பழைய நட்டையே மாட்டுவதில் வரும் வினை இது.

முடுக்குதல்

எல்லா நட்டையும் முதலில் விரலால் ஏற்றுங்கள். விரலுக்கு வராமல் இரண்டாம் சுற்றிலேயே இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். ஸ்பேனரை வைத்து அழுத்தினால் அந்த ஸ்டட் போச்சு. நட்டு உட்காரும் முன் எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். 1.5 பிட்ச் மரைக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு 1.5 மில்லி முன்னேறும் மரைக்கு, 8 சுற்றாவது வேண்டும், மாருதியின் 1.25 பிட்ச்சுக்குப் பத்து. அதற்குக் குறைந்தால் மரை போதுமான அளவு பிடிக்கவில்லை.

விரலால் ஏற்றியபின் சின்ன ஸ்பேனரில் லேசாக இறுக்கி ரிம்மை நடுவில் உட்கார வையுங்கள். டயர் தரையைத் தொட்டு, சக்கரம் சுற்றாத அளவுக்குக் காரை இறக்குங்கள். இப்போதுதான் டார்க் ரெஞ்ச். நாலு நட்டு என்றால் எதிரெதிராக: மேல், கீழ், இடம், வலம். ஐந்து என்றால் பிள்ளைகள் கை எடுக்காமல் நட்சத்திரம் போடுவார்களே, அந்த வரிசை. முதல் சுற்று 50, இரண்டாம் சுற்று 80, மூன்றாவதில் முழு 100. பக்கத்துப் பக்கத்து நட்டை வரிசையாக முழுசாக முடுக்கினால் ரிம் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். கூடவே பிரேக் டிஸ்க்கும் சாயும். 0.05 மில்லி சாய்வு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் டிஸ்க் ஒரு பக்கமாகத் தேய்ந்து, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும். ‘டிஸ்க் பெண்டு’ என்று சொல்லிப் புதுசு மாற்றிய பல கார்களில் உண்மையான குற்றவாளி அந்த ஏர் கன்.

முழுதும் இறக்கியபின் இன்னொரு முறை எல்லா நட்டிலும் ரெஞ்சை வைத்து ‘டிக்’ மட்டும் கேளுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், சக்கரம் ஆறியபின், மறுபடி ஒரு தடவை. அலாய் ரிம்முக்கு இது கட்டாயம். அப்போது ஏதாவது நட்டு கால் சுற்றுக்கு மேல் போனால் வெறுமனே முடுக்கி விட்டுவிடாதீர்கள், கழற்றி உள்ளே பாருங்கள். துருவோ பெயின்ட்டோ கண்டிப்பாக இருக்கும்.

ரெஞ்ச் இல்லாதபோது

காரோடு வரும் ஸ்பேனர் சுமார் 30 செ.மீ. நீளம். 70 கிலோ ஆள் அதன் நுனியில் ஏறி நின்றால் 200 நியூட்டன் மீட்டர் தாண்டும், தேவைக்கு இரண்டு மடங்கு. ஒரு மீட்டர் பைப்பைச் செருகி அதே ஆள் தொங்கினால் கிட்டத்தட்ட 700. ஸ்டட் அங்கேயே அறுந்தால் அதிர்ஷ்டம், அறுகிற நிலையில் நின்று பிறகு ஓடும்போது அறுந்தால்தான் ஆபத்து.

ஓரளவு சரியாக அளக்க ஒரு வழி இருக்கிறது. காசிமேட்டில் மீன் நிறுக்கும் கொக்கித் தராசு, அல்லது பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் கொக்கி எதுவானாலும் சரி. 50 செ.மீ. நீளமுள்ள கம்பி சாக்கெட்டில் படுக்கை வாட்டில் இருக்கட்டும். நட்டின் நடுவிலிருந்து சரியாக 50 செ.மீ. தூரத்தில் கொக்கியை மாட்டி, கம்பிக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 20 கிலோ காட்டும்போது நட்டில் 98 நியூட்டன் மீட்டர். 22 கிலோவுக்கு 108. 24.5 கிலோவுக்கு 120. கோணலாக இழுத்தால் தராசு காட்டுவதைவிட நட்டுக்குக் குறைவாகத்தான் போகும்.

பஞ்சர் கடையில் வாதம் பண்ணத் தேவையில்லை. ‘ணா, கன்னு வேணாம்ணா, கையால முடுக்கி வுடு, மீதிய நான் பாத்துக்குறேன்’ என்றால் செய்துவிடுவார்கள், அவர்களுக்கும் வேலை மிச்சம். கன் போட்டே விட்டார்கள் என்றால் வீட்டுக்கு வந்து அதன்மேல் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. 180-ல் இருக்கும் நட்டில் வைத்தாலும் 100-க்கு ‘டிக்’ என்றுதான் சொல்லும். ஒவ்வொன்றாகத் தளர்த்தி, 100-க்குத் திரும்ப முடுக்கணும்.

தளர்ந்த சக்கரம் முன்கூட்டியே சொல்லும். மெதுவாகத் திரும்பும்போது ‘டக்... டக்’ என்று சக்கரம் சுற்றும் தாளத்தில் ஒரு தட்டல், வேகம் கூடக் கூட ஸ்டியரிங்கில் ஆட்டம், நட்டைச் சுற்றி ரிம்மில் செம்பழுப்புக் கோடு வழிந்திருப்பது. இதில் ஒன்று தெரிந்தாலும் ஓரங்கட்டிப் பாருங்கள். ரிம் ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தால் அந்த ரிம் இனி எதற்கும் உதவாது. ஒரு ஸ்டட் ஒடிந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதாது, இரு பக்கத்து ஸ்டட்களும் அதன் சுமையைச் சேர்த்துத் தாங்கி நீண்டிருக்கும். அந்தச் சக்கரத்தின் எல்லா ஸ்டட்டும் நட்டும் புதிதாகப் போடுங்கள்.